ஒன்றேகால் மணிப் பாட்டு

பனையடி விலக்கில் மத்தியானம் ஒன்றேகால் மணிக்கு எந்தக் கடையிலும் வியாபாரம் நடக்காது. அந்த நேரம் பார்த்து பஸ்ஸை விட்டு இறங்குகிற வெளியூர்க்காரர் டீ கேட்டால் கிடைக்காது, பஞ்சர் ஒட்டச் சொன்னால் யாரும் எழுந்து வரமாட்டார்கள், ஏன் என்று கேட்டால் பதில் சொல்லவும் ஆள் இருக்காது. ஏனென்றால் பாட்டு ஒலிக்கிற அந்த நாலரை நிமிஷமும் விலக்கில் இருக்கிற ஒவ்வொருவரும் தன்னை விட்டுப் போனவரோடு பேசிக்கொண்டிருப்பார். டிரைவர்களுக்கும் கண்டக்டர்களுக்கும் இது பழகிவிட்டது. அவர்கள் பஸ்ஸை ஓரம் கட்டிவிட்டு, தண்ணீர் பாட்டிலைத் திறந்து நாலு மடக்குக் குடித்துவிட்டு, பாட்டு முடிந்ததும் விசில் கொடுத்துக் கிளம்புவார்கள்.

விலக்கு என்றால் ஊர் அல்ல. பனையடி என்கிற ஊர் உள்ளே மூன்று கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. பெரிய ரோட்டிலிருந்து அந்த ஊருக்குப் பாதை பிரிகிற இடத்தில் பதினோரு கடைகளும் ஒரு நிழற்குடையும் இருக்கின்றன, அவ்வளவுதான். அங்கே கடை போட்டவர்கள் எல்லாரும் யாரையோ பஸ் ஏற்றிவிட்டு, வீட்டுக்குத் திரும்பிப் போக மனசில்லாமல் அங்கேயே நின்றுவிட்டவர்கள் என்று உள்ளூரில் கேலி பேசுவார்கள். அது கொஞ்சம் மிகைதான், ஆனால் முழுப் பொய் இல்லை.

பாடுகிறவள் ஜெசிந்தா. தையல் கடை வைத்திருக்கிறாள், நாற்பது வயசு நெருங்குகிறது, ரவிக்கைக் கழுத்து அவள் வெட்டினால் பிசகாது. அதற்கு முன்னால் அவள் ஒரு மெல்லிசைக் குழுவில் பாடிக்கொண்டிருந்தாள். அந்தக் குழுவில் கீபோர்டு வாசித்த செல்வினுக்கும் அவளுக்கும் கலியாணம் பேசி முடித்து, மாதா கோயிலில் ஓலையும் வாசித்தார்கள்; இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை ஏதும் தெரிந்தால் சொல்லலாம் என்று மூன்று ஞாயிற்றுக்கிழமை சாமியார் அறிவிப்பார் அல்லவா, அதில் இரண்டு ஞாயிறு ஆகியிருந்தது. மூன்றாவது ஞாயிற்றுக்கு முந்தின சனிக்கிழமை, கீபோர்டுக்கு அடாப்டர் மாற்றிவருகிறேன் என்று செல்வின் திருநெல்வேலிக்கு பஸ் ஏறினான். பிறகு வரவில்லை. பதினோரு வருஷம் ஆகிறது.

போவதற்கு ஒரு வாரம் முன்பு ஒத்திகையில் அவன் ஒரு வார்த்தை சொல்லியிருந்தான். குழுவுக்கென்று அவர்களே எழுதி மெட்டுப் போட்ட ஒரு சோகப் பாட்டு இருந்தது, கேசட் போட வேண்டும் என்று ஆசைப்பட்டு, போடாமலே போன பாட்டு. அதை ஜெசிந்தா பாடி முடித்ததும் அவன் கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டு, "உன் குரல்ல எல்லாம் இருக்கு ஜெசி, ஒரு உடைஞ்ச எடம்தான் இல்ல" என்றான். அவன் போன பிறகு அவள் உடைந்தாள். உடைந்த பிறகு அந்தக் குரல் எப்படி ஆனது என்று கேட்டவர்கள் சொல்வார்கள்: அடிவயிற்றிலிருந்து கிளம்பி மேலே போகப் போக, இதற்குமேல் தாங்காது, கிழிந்துவிடும் என்று கேட்கிறவர் பயப்படுகிற இடத்தில் கிழியாமல் நின்று, அங்கிருந்து இன்னும் ஒரு படி ஏறும். அதனால் விலக்கில் ஒரு கதை பரவியது. செல்வின் ஓடிப்போகவில்லையாம், அவள் குரல் பழுக்க வேண்டும் என்று தன் கலியாணத்தையே விட்டுக்கொடுத்துவிட்டுப் போனானாம். இந்தக் கதையை முதலில் யார் சொன்னார்கள் என்று தெரியவில்லை. ஜெசிந்தாவும் அதை மறுத்ததில்லை.

ஞாயிறு பூசையில் பாடுவதோடு சரி, அந்தச் சோகப் பாட்டை அவள் வெகுநாள் தொடவில்லை. போன வருஷம் ஆனி மாதத்தில் காற்று புழுதியை வாரி அடித்த ஒரு புதன்கிழமை காலை, ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, பாவாடைக்கு நாடா கோத்துக்கொண்டிருந்தவள், ஏன் என்றே தெரியாமல் அந்தப் பாட்டை வாய்விட்டுப் பாடினாள்.

*வண்டி போன தூசி கூட அடங்கிப் போச்சுதே,*
*என் மனசு மட்டும் ரோட்டு மேலே நிக்குதே.*

எதிர்வரிசையில் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்த இசக்கித்துரை நிமிர்ந்தபோது, காற்றடிக்கிற பம்புக்குப் பக்கத்தில் வளர்மதி நின்றாள். பாலிடெக்னிக் படிக்கும்போது அவன் உயிரை விட்டுக் காதலித்த, பிறகு ராஜபாளையத்தில் வாக்கப்பட்டுப் போன வளர்மதி. கையில் இட்லிக் கரண்டி. "எப்படி இருக்க தொரை?" என்றாள். அவன், "இருக்கேன், உக்காரு" என்று ஒரு லாரி டயரை உருட்டிப் போட்டான். அவள் உட்கார்ந்தாள். ரோட்டில் அங்கங்கே இப்படி ஆட்கள் நின்றார்கள். பாட்டு முடிந்ததும் ஒருவரும் இல்லை. மறுநாளும் வந்தார்கள். விலக்குக்காரர்கள் இதில் ஆச்சரியப்பட்டு நேரத்தை வீணாக்கவில்லை, வருகிறவர்கள் உட்கார இடம் வேண்டுமே என்றுதான் கவலைப்பட்டார்கள். பந்தல்காரரிடம் சொல்லி இருபது பிளாஸ்டிக் நாற்காலி வந்தது.

இறந்தவர்கள் வரவில்லை. உயிரோடு எங்கோ இருந்துகொண்டு, இங்கே ஒருவரை விட்டுப் போனவர்கள்தான் வந்தார்கள். வந்தவர்களை எல்லாரும் பார்க்கலாம், ஆனால் அவர்கள் பேச்சு உரியவருக்கு மட்டும்தான் கேட்கும். இங்கே வந்தது அங்கே போனதும் மறந்துவிடும், மறுநாள் வரும்போது ஞாபகம் வந்துவிடும். அங்கே அந்த நாலரை நிமிஷமும் அவர்கள் கண் திறந்தபடி அசையாமல் இருப்பார்களாம், வளர்மதி தன் மகள் சொன்னதாகச் சொன்னாள். இது தெரிந்ததும்தான் விலக்கில் பயம் வந்தது. முதல் வாரம் ஜெசிந்தா நினைத்த நேரத்துக்குப் பாடியதில் ஒருவர் பாதி சவரத்தோடு வந்தார், ஒருத்தி தலையில் சீயக்காயோடு வந்து கண் எரிகிறது என்று நாலரை நிமிஷமும் அழுதாள். அது போகட்டும், யாராவது வண்டி ஓட்டிக்கொண்டிருந்தால்? நிழற்குடையில் கூட்டம் போட்டு ஒரு மணி நேரம் விவாதித்து, எல்லாரும் ஓரிடத்தில் பத்திரமாக உட்கார்ந்து சாப்பிடுகிற நேரம் என்று ஒன்றேகாலை முடிவு செய்தார்கள். அன்றிலிருந்து வருகிறவர்கள் எச்சில் கையோடு வந்தார்கள். கருவாட்டு வாசனை அடிக்கிற விரல்கள், ரசம் வழிகிற மணிக்கட்டு, பாதி கடித்த அப்பளம். போன இடத்தில் நன்றாகச் சாப்பிடுகிறார்களா என்று கையைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம், அதில் சிலருக்கு நிம்மதி, சிலருக்கு வயிற்றெரிச்சல்.

நிழற்குடைக்குப் பக்கத்தில் வடைக்கடை போட்டிருக்கிற மாலையம்மாளுக்கு அவள் புருஷன் சண்முகவேல் வருவார். பதினாறு வருஷம் குடும்பம் நடத்திவிட்டு சங்கரன்கோவிலில் வேறொருத்தியோடு போய்விட்ட மனுஷர். அவர் வந்து முக்காலியில் உட்கார்ந்ததும் மாலையம்மாள் கரண்டியை நீட்டித் திட்ட ஆரம்பிப்பாள். பல்லவியில் அவர் தாயாரைத் திட்டுவாள், முதல் சரணத்தில் அவர் கூடப்பிறந்தவர்களை, இரண்டாவது சரணத்தில் அவரை. அதற்குள் மூச்சு வாங்கிவிடும். மூன்றாவது சரணத்தில் இருவரும் ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பார்கள்.

ஜெசிந்தாவுக்கும் ஆள் வந்தது. முதல் நாளிலிருந்து செல்வின் வந்தான். தையல் மிஷினுக்கு அந்தப் பக்கம், தலையைச் சாய்த்துக்கொண்டு, ஒத்திகையில் நிற்கிற மாதிரியே நின்று பாட்டைக் கேட்டான். அவனிடம் கேட்க அவளுக்கு ஒரே ஒரு கேள்வி இருந்தது: என் குரலுக்காகத்தான் போனீர்களா? ஆமாம் என்றால் அந்தப் பதினோரு வருஷத்துக்கும் ஓர் அர்த்தம் இருக்கும், அவனை மன்னித்துவிடலாம், மன்னித்துவிட்டு ராத்திரி தூங்கலாம். ஆனால் எப்படிக் கேட்பது? பாடினால்தான் அவன் நிற்கிறான். கேட்க வேண்டுமானால் பாட்டை நிறுத்த வேண்டும், நிறுத்தினால் அவன் இல்லை. ஒருநாள் பொறுக்கமாட்டாமல் சரணத்தின் நடுவில் நிறுத்தி, "நீங்க..." என்றாள். அதற்குள் மிஷினுக்கு அந்தப் பக்கம் வெறும் சுவர். விலக்கு முழுவதும், "ஐயையோ, நிறுத்தாத தாயி!" என்று ஒரே கூச்சல். இன்னொரு நாள் கேள்வியைத் துண்டுத் தாளில் எழுதிக் காட்டிக்கொண்டே பாடினாள். அவன் படித்தான், பதிலும் சொன்னான், உதடு அசைந்தது. ஆனால் அவன் எப்போதும் வாய்க்குள்ளே பேசுகிறவன், அவளுடைய உச்சஸ்தாயியில் அவளுக்கே வேறொன்றும் காதில் விழவில்லை.

பத்து மாதம் இப்படிப் போனது. அத்தனை நாளும் அவள் பாட்டை விலக்கில் ஒருவரும் முழுசாகக் காது கொடுத்துக் கேட்டதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். அவள் தொண்டையைத் திறந்ததும் அவரவர் ஆள் வந்துவிடுவார்கள், பிறகு பேசத்தானே தோன்றும்? முடிந்ததும் வந்து, "இன்னைக்கு நல்லா வந்துச்சு பிள்ள" என்பார்கள். பாட்டை அல்ல, தங்கள் பேச்சை.

சித்திரை மாதம் ஒரு திங்கட்கிழமை ஒன்றேகாலுக்கு ஜெசிந்தா பாடவில்லை. ஷட்டரை முழுவதும் தூக்கிவிட்டு ரோட்டில் வந்து நின்றாள்.

"உங்க எல்லாருக்கும் ஒருத்தி பாடுதா. எனக்கு யாரு பாடுவா? நான் ஒரு கேள்வி கேக்கணும். அதைக் கேக்காம இனிமே வாயத் திறக்க மாட்டேன்."

இசக்கித்துரைக்கு உடனே யோசனை வந்தது, எந்தச் சிக்கலுக்கும் பத்து நிமிஷத்தில் ஒட்டுப் போடுகிற தொழில் அல்லவா. போனில் பதிவு செய்துவைத்திருந்த அவள் பாட்டைக் கோயில் கொடைத் திருவிழாவுக்குக் கட்டுகிற குழாய் ஸ்பீக்கரில் போட்டான். குரல் அதே குரல். ரோடு காலியாகவே இருந்தது. மூன்று தெருநாய்கள் மட்டும் வந்து நாற்காலிகளுக்கு நடுவே படுத்துக்கொண்டன.

"அப்ப நாமதான் பாடணும்," என்றான் அவன்.

"நாமளா?" என்றார்கள்.

"தெனமும் கேக்கோம்லா, வராமலா போயிரும்?"

அங்கேதான் அவர்கள் குட்டு வெளிப்பட்டது. தினமும் கேட்ட பாட்டு ஒருவருக்கும் முழுசாகத் தெரியவில்லை. பல்லவி எல்லாருக்கும் தெரிந்தது. முதல் சரணம் இசக்கித்துரைக்குப் பாதி, பரோட்டாக் கடை மைதீனுக்குப் பாதி. இரண்டாவதை நாலு பேர் நாலு துண்டாக வைத்திருந்தார்கள். மூன்றாவது சரணம் ஒரு வரிகூட யாருக்கும் வரவில்லை, அந்த நேரத்தில் எல்லாரும் அவசர அவசரமாக விடைபெற்றுக்கொண்டிருப்பார்கள். ஜெசிந்தாவிடமே கேட்கலாம் என்றால் வெட்கம். இத்தனை நாள் கேட்டது என்ன என்று அவள் திருப்பிக் கேட்டால் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது?

எண்ணெய்ச் சட்டியைப் பார்த்தபடியே மாலையம்மாள், "எனக்குத் தெரியும்" என்றாள். "அந்த நேரத்துல எனக்குத் திட்ட மூச்சு இருக்காதுல்லா. பாட்டத்தான் கேட்டுக்கிட்டு உக்காந்திருப்பேன்."

"அப்ப நீங்க பாடிருங்க மதினி!"

"நான் மாட்டேன்." அவள் கரண்டியைத் தட்டில் தட்டினாள். "எல்லாரும் பாடினா எல்லாருக்கும் ஆளு வந்து உக்காந்திருக்கும், ஒருத்தரும் ஒரு வார்த்தை பேச முடியாது. உங்களுக்கு என்ன, போன சீமாட்டிகிட்ட சௌக்கியமான்னு கேக்கிய. எனக்குத் திட்டு இன்னும் தீரல. தீரவும் தீராது. ஒரு நாளக்கூட விட்டுத்தர மாட்டேன்."

மூன்று நாள் அவளை யாராலும் அசைக்க முடியவில்லை. மூன்று நாளும் பாட்டு இல்லை, நாற்காலிகள் வெயிலில் காய்ந்தன. நாலாம் நாள் ஜெசிந்தா அவள் கடைக்கு வந்து ஒரு வடையை வாங்கிப் பிய்க்காமல் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். மாலையம்மாள் அடுப்பைத் தணித்தாள்.

"அவன் என்ன சொல்லுவான்னு நெனைக்க?"

"தெரியலக்கா. அதான் கேக்கணும்."

"நீ நெனைக்கத சொல்லலைன்னா?"

ஜெசிந்தா கையிலிருந்த வடையைக் குனிந்து பார்த்தாள். அவள் கண் நிறைந்ததை மாலையம்மாள் பார்த்தாள். தன் புருஷன் போன மறுநாள் கண்ணாடியில் பார்த்த அதே கண். "சரி போ," என்றாள். "நாளைக்கு ஒரு நாளு. ஒரே ஒரு நாளு."

வெள்ளிக்கிழமை ஒன்றேகாலுக்கு விலக்குக்காரர்கள் நிழற்குடையில் வரிசையாக நின்றார்கள். இசக்கித்துரை கையைத் தட்டித் தாளம் போட, பல்லவியை எடுத்தார்கள். சுருதி என்று ஒன்று அந்தப் பக்கமே வரவில்லை. ஒருவர் மேலே போனார், ஒருவர் கீழே போனார், மைதீன் கண்ணை மூடிக்கொண்டு தனி வழியில் போனார். ஆனாலும் மெய்யாகவே பாடினார்கள், அவரவர் இழந்தது அவரவர் தொண்டையில் இருந்தது. முதல் வரி முடிவதற்குள் நாற்காலிகளில் ஆட்கள் வந்துவிட்டார்கள். வளர்மதி வெண்டைக்காய் ஒட்டிய விரல்களோடு டயரில் உட்கார்ந்து, என்ன இது, பேசமாட்டானா என்று பார்த்தாள். இசக்கித்துரை அவளைப் பார்த்துக்கொண்டே பாடினான். அதற்கு எவ்வளவு மனசு வேண்டும் என்று அங்கே நின்ற எல்லாருக்கும் தெரியும், எல்லாரும் அதையேதான் செய்துகொண்டிருந்தார்கள்.

தையல் கடையில் செல்வின் வந்து நின்றான். ஜெசிந்தா மிஷினைச் சுற்றிக்கொண்டு அவன் எதிரே போனாள். முன்பு வழுக்கை தெரியவில்லை, இப்போது தெரிந்தது.

"என் குரலுக்காகத்தான் போனீயளா?"

அவன் சோற்றுக் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டான். "தூங்கிட்டேன்," என்றான்.

"என்னது?"

"அன்னைக்கு அடாப்டர மாத்திட்டு பஸ் ஏறினேன். தூங்கிட்டேன். முழிச்சுப் பார்த்தா விலக்கு தாண்டி நாகர்கோவில் பஸ் ஸ்டாண்டு. இறங்கினேன். மனசு லேசா இருந்துச்சு ஜெசி, அதச் சொல்லணும்லா. ஒரு டீ குடிச்சேன். அடுத்த பஸ்ஸுல திரும்பிரலாம்னு நெனச்சேன். அது போயிட்டு. அதுக்கு அடுத்ததுல போலாம்னு நெனச்சேன். விடிஞ்சிட்டு, ஓலை வாசிக்கிற நேரமும் தாண்டிட்டு. பொறவு என்ன மூஞ்சிய வச்சுக்கிட்டு வர?"

"ஒரு உடைஞ்ச எடம் வேணும்னு சொன்னீயளே?"

அவன் யோசித்தான். உண்மையாகவே யோசித்தான், பாவம். "அப்படியா சொன்னேன்?" என்றான்.

ஜெசிந்தாவுக்கு முதலில் உடம்பெல்லாம் எரிந்தது. பிறகு எரிச்சல் இறங்கியது. பதினோரு வருஷமாக இந்த மனுஷனுக்கு உள்ளுக்குள் நன்றி சொல்லிக்கொண்டிருந்தாளே, அந்த இடம் சட்டென்று காலியாகி, அங்கே தாராளமாக மூச்சு விட முடிந்தது. இவன் கொடுத்ததில்லை இந்தக் குரல். இவன் தூங்கிப்போனான், அவ்வளவுதான். அழுததும், பாடியதும், ஒவ்வொரு படியாக மேலே ஏறியதும் அவள்.

"நீ பாடலையா?" என்றான் செல்வின். "மத்தியானம் ஆனா எனக்கு ஏன்னே தெரியாம மனசு துடிக்கும். இங்க வந்த பொறவுதான் புரியும், உன் பாட்டக் கேக்கத்தான்னு. பாடு ஜெசி."

அப்போது மூன்றாவது சரணம் வந்தது. மற்றவர்கள் எல்லாரும் அடங்கிவிட, மாலையம்மாளின் குரல் மட்டும் எழுந்தது.

*சொல்ல வேணும்னு சேர்த்த சொல்லெல்லாம் தொண்டையில தூங்குதே,*
*நீ எதிரே வந்து நிக்கையில என் வாய் பூட்டிக் கிடக்குதே.*

எண்ணெய்ப் புகை குடித்துக் கரகரத்த குரல். மேலே ஏற முடியாமல் முட்டி முட்டி நின்றது, ஒவ்வொரு முட்டலிலும் பிளந்தது. முக்காலியில் சண்முகவேல் வாயைத் திறந்தபடி அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஜெசிந்தா செல்வினுக்கு முதுகைக் காட்டித் திரும்பி, கடை வாசலுக்கு வந்து, கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்று கேட்டாள். தனக்காக ஒருத்தி பாடிய சோகப் பாட்டை அவள் பிறந்ததிலிருந்து கேட்டதில்லை. கண்ணீர் தாரை தாரையாக வழிந்தது, துடைக்கத் தோன்றவில்லை. பாட்டு முடிந்தது. பின்னால் அவன் எப்போது போனான் என்று அவள் பார்க்கவில்லை.

நாற்காலிகள் காலியாகிவிட்டன. யாரும் யாரையும் பார்க்காமல் மூக்கைச் சிந்திக்கொண்டார்கள். மாலையம்மாள் வெறும் முக்காலியைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"போச்சு," என்றாள். "இன்னைக்கு ஒரு வார்த்தைகூடத் திட்ட முடியல."

ஜெசிந்தா ரோட்டைத் தாண்டி வந்தாள். "எக்கா, உக்காருங்க. உங்களுக்கு நான் பாடுதேன்."

"வேண்டாம் பிள்ள. இந்நேரம் கை கழுவிருப்பாவ."

"கழுவட்டும். எந்திரிக்கதுக்குள்ள பாடிருதேன்."

ரோட்டோரத்தில் நின்றபடியே அவள் எடுத்தாள். அவள் எதிரே யாரும் வந்து நிற்கவில்லை. ஆனால் குரல் முன்பைவிட மேலே போனது, நிழற்குடைத் தகரம் அதிர்ந்தது. ஆட்கள் வந்தார்கள். சண்முகவேல் ஈரக் கையோடு முக்காலியில் வந்து உட்கார்ந்தார். இன்னும் ஆச்சரியம் தீராமல் மாலையம்மாளின் பக்கம் குனிந்தார்.

"ஏட்டி, நீ பாடுவியா? பதினாறு வருஷத்துல எனக்குத் தெரியவே தெரியாதே. ஏன் என்கிட்ட ஒரு நாளாவது..."

மாலையம்மாள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"சும்மா இருங்க," என்றாள். "பிள்ள பாடுதா."